களம் மாறிய கோட்டா ராமசாமி

ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் புதுச்சேரிக்குத் தனி அணி கிடைத்தது 2018-ஆம் ஆண்டில்தான். அன்று தொடங்கிய ஒரு வழக்கு எங்கள் ஊரில் இன்னும் ஓயவில்லை. வேறு மாநிலத்தில் பிறந்து, வேறு மாநிலத்தில் ஆடிப் பழகிய ஒருவர் இங்கு வந்து ஆடினால் அவர் புதுச்சேரி ஆட்டக்காரர் ஆவாரா என்பதே அந்த வழக்கு. காலையில் கடற்கரைச் சாலையில் நடைப்பயிற்சி முடித்துக் காபிக்கு அமரும் எங்கள் ஓய்வுபெற்றோர் குழாமிலும் இது அவ்வப்போது தலைகாட்டும். வெளியாரைக் கொண்டுவந்து நிரப்பினால் உள்ளூர்ப் பையன்களுக்கு எப்போதுதான் வாய்ப்பு என்பார் ஒருவர். இத்தனை சிறிய ஊர் வெளியார் துணையின்றி எப்படித் தலைநிமிரும் என்பார் இன்னொருவர். இரண்டிலும் நியாயம் உண்டு. வெளியிலிருந்து வரும் தொழில்முறை ஆட்டக்காரர் மூவருக்கு மேல் கூடாது என்று கிரிக்கெட் வாரியம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. தாம் விட்டுவரும் சங்கத்திடமிருந்து அவர்கள் தடையில்லாச் சான்றிதழ் பெற்று வரவேண்டும். இந்தச் சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் கோட்டா ராமசாமி. கல்லூரி மாறியவர், ஆட்டம் மாறியவர், பெயரின் முன்னொட்டும் மாறியவர். இத்தனை மாற்றங்களுக்கும் அவர் யாரிடமும் சான்றிதழ் கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. ஏன் வேண்டியிருக்கவில்லை என்பதில் இன்றைய நம் வழக்குக்கும் ஒரு பதில் இருப்பதாகக் கருதுகிறேன்.

ராமசாமி 1896-ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று சென்னையில் பிறந்தார். அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. கிரிக்கெட் ஆங்கிலேயர் கொடி பறந்த இடமெல்லாம் சென்றதே தவிர, சுங்கச் சாவடியைத் தாண்டி எங்கள் ஊருக்குள் வேரூன்றவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் எங்களுக்கு விட்டுச்சென்றவை கால்பந்தும், மாலை வேளைகளில் இரும்புக் குண்டுகளை உருட்டி ஆடும் பெத்தாங்கும். அக்காலத்தில் இங்கே பிறந்த ஒரு சிறுவன் எந்த ஆட்டத்தைக் கற்பான் என்பதை அவன் திறமை தீர்மானிக்கவில்லை, எல்லைக்கோடு தீர்மானித்தது. ராமசாமியின் வாழ்வில் அந்த இடத்தை வீடு எடுத்துக்கொண்டது. அவர் தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்று போற்றப்படும் புச்சிபாபு நாயுடுவின் மகன்.

புச்சிபாபுவைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மகனின் கதையைச் சொல்ல இயலாது. சென்னையின் செல்வக் குடும்பங்களுள் ஒன்றில் வளர்ந்தவர் அவர். கும்பினி வணிகத்தில் துபாஷிகளாகப் பொருள் ஈட்டிய தெலுங்குக் குடும்பங்கள் மயிலாப்பூர், லஸ் பகுதிகளில் தோட்ட வீடுகளோடு வாழ்ந்த காலம் அது. சேப்பாக்கத்தில் ஆங்கிலேயரின் சென்னை கிரிக்கெட் கிளப் 1846 முதல் இயங்கி வந்தது. அதில் இந்தியருக்கு உறுப்பினர் இடமில்லை. மரத்தடியில் நின்று பார்க்கலாம், அவ்வளவே. நின்று பார்த்த புச்சிபாபு, தம் இனத்தாருக்கென மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை உருவாக்கினார். மட்டையும் பந்தும் வாங்கித் தந்து, ஆடத் தெரிந்த இளைஞர்களைத் தேடிப் பிடித்துப் பழக்கினார். கெஞ்சி உள்ளே நுழைவதைவிட எதிரணியாக நின்று மோதுவதே மரியாதை என்பது அவர் எண்ணம். ஐரோப்பியரும் இந்தியரும் மோதும் மாகாண ஆட்டம் ஒன்றை 1908-ஆம் ஆண்டின் இறுதியில் நடத்த ஏற்பாடு செய்திருந்தார். ஆட்டத்துக்குச் சில நாள்களே இருந்த நிலையில் இறந்துபோனார். நாற்பது வயதுதான். ராமசாமிக்கு அப்போது பன்னிரண்டு.

புச்சிபாபுவின் பிள்ளைகள் பட், பாலையா, ராமசாமி மூவரும் கிரிக்கெட் ஆடியவர்கள். ஆனால் ராமசாமியின் பெயர் மட்டும் அண்ணன்மாரின் பெயரோடு ஒட்டாது. தாய்வழிப் பாட்டனாருக்கு அவர் சுவீகாரம் கொடுக்கப்பட்டதால் கோட்டா என்ற குடும்பப் பெயர் வந்து சேர்ந்தது. ஒரு வீட்டில் பிறந்து இன்னொரு வீட்டின் வாரிசாவது அக்காலச் செல்வக் குடும்பங்களில் அரிதன்று; சொத்து சிதறாமலிருக்க அது ஒரு வழி. புச்சிபாபுவும் அப்படித் தம் தாய்வழிப் பாட்டனாருக்குச் சுவீகாரம் போனவர்தாம். பொருளாதாரம் படித்தவன் என்பதால் எனக்கு இதில் சற்றுக் கூடுதல் ஆர்வம். பின்னாளில் ராமசாமி எடுத்த முடிவுகளுக்கெல்லாம் பின்னால் இந்தச் சொத்து அமைதியாக நின்றுகொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் அவருடைய துணிச்சலை மட்டும் வியப்பது பாதிக் கணக்கைப் படிப்பதாகும்.

வெஸ்லி பள்ளியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். அந்நாளில் சென்னையில் கல்லூரி அணி என்பது இன்று நாம் நினைப்பது போன்ற சிறு விஷயமன்று. கிளப்புகள் சில, வெள்ளையர் அணி ஒன்று, அவற்றுக்கு ஈடாகக் கல்லூரிகள். நல்ல மட்டையாளர் ஒருவர் ஒரு கல்லூரியில் சேர்ந்தால் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் போக்கே மாறும். ராமசாமி இடக்கையர், பந்தை ஓங்கி அடிப்பவர். புச்சிபாபு கனவு கண்ட மாகாண ஆட்டம் 1915-16 பருவத்திலிருந்து சேப்பாக்கத்தில் ஆண்டுதோறும் நடக்கத் தொடங்கியது. பொங்கலையொட்டி நடந்ததால் அது பொங்கல் ஆட்டம் என்றே ஊரார் நாவில் நிலைத்தது. அந்த முதல் பருவத்திலேயே பத்தொன்பது வயதில் ராமசாமி இந்தியர் அணிக்கு ஆடினார். தந்தை மரத்தடியில் நின்று பார்த்த மைதானத்தில் மகன் மட்டையோடு இறங்கினார். அப்போதே நின்றிருந்தால்கூட உள்ளூர் வரலாற்றில் அவருக்கு ஓர் இடம் இருந்திருக்கும்.

அவர் நிற்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்ததும் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்றார். ஒரு கல்லூரியின் முன்னணி ஆட்டக்காரர் அதை விட்டு, தம்மை யாரும் அறியாத இன்னொரு இடத்தில் புதியவராகப் போய் நிற்பது எளிதன்று. சென்னையில் அவர் புச்சிபாபுவின் பிள்ளை. கேம்பிரிட்ஜில் வெறும் இந்திய மாணவர். அவர் சென்ற காலமும் வாய்ப்பானதாக இல்லை. போரிலிருந்து திரும்பியவர்களும் பள்ளி முடித்து வந்தவர்களும் ஒரே நேரத்தில் குவிந்திருந்தனர். ஆஷ்டன் சகோதரர்கள் மூவர், பின்னாளில் இங்கிலாந்து அணித்தலைவராக விளங்கிய பெர்சி சாப்மன் என்று கேம்பிரிட்ஜ் கிரிக்கெட் அணி அந்த ஆண்டுகளில் நிரம்பி வழிந்தது. முன்பு ரஞ்சித்சிங்ஜிக்கே அந்த அணியில் இடம் கிடைக்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ராமசாமிக்குக் கிரிக்கெட்டில் அந்த இடம் கிடைக்கவேயில்லை.

இந்த நிலையில் பலரும் செய்யக்கூடியவை இரண்டு. காத்திருக்கலாம், அல்லது ஆட்டத்தை விட்டுப் படிப்பில் மூழ்கலாம். ராமசாமி மூன்றாவது ஒன்றைச் செய்தார். மட்டையைக் கீழே வைத்துவிட்டு ராக்கெட்டை எடுத்தார். சென்னையிலேயே பழகியிருந்த டென்னிஸ் கேம்பிரிட்ஜில் அவருடைய முதன்மை ஆட்டமாயிற்று. பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்தார். 1921-இல்தான் இந்தியா டேவிஸ் கோப்பைக்குள் முதன்முதலாக நுழைந்து, முதல் சுற்றிலேயே பாரிஸ் நகரில் பிரான்சை வென்று பலரையும் திகைக்க வைத்திருந்தது. அடுத்த ஆண்டு அந்த இந்திய அணியில் ராமசாமியும் இருந்தார். ஃபைஸியுடன் இணைந்து இரட்டையர் ஆட்டத்தில் ஆடினார். கிரிக்கெட்டுக்காக வளர்க்கப்பட்ட பிள்ளை நாட்டுக்காக முதலில் ஆடியது டென்னிஸ் என்பது விந்தைதான். இந்தியா அப்போது கிரிக்கெட்டில் டெஸ்ட் ஆடும் நாடாகவே இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதற்கு இன்னும் பத்தாண்டுகள் இருந்தன.

இன்று இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து நினைவுக்கு வரக்கூடும். அங்கே அணியின் மூளையாக நின்று பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக் எனப்படுவார். ஜோ பர்ரோ என்பவர் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாற்று ஆட்டக்காரராகவே மூன்று ஆண்டுகள் கழித்தார். 2018-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அடுத்த ஆண்டே நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை வென்றார். 2020 ஜனவரியில் தம் அணியைத் தேசிய வாகையராக்கினார். முதல் இடத்திலேயே அவர் காத்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் அவர் தடையின்றி மாற முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மூன்றே ஆண்டுகளில் பட்டம் பெற்றுவிட்டிருந்தார். பட்டம் பெறாமல் பல்கலைக்கழகம் மாறும் ஆட்டக்காரர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் வெளியே உட்கார வேண்டும் என்பது அன்றைய விதி. பயிற்சியாளர் மட்டும் எந்த நேரத்திலும் கூடுதல் சம்பளத்துக்கு வேறு பல்கலைக்கழகம் போகலாம். அவருக்கு உட்காரும் தண்டனை கிடையாது. உழைப்பை வாங்குபவர்கள் சிலரே இருந்து, அவர்கள் தமக்குள் ஒரு விதியைப் பேசி வைத்துக்கொண்டால் விற்பவனுக்கு என்ன நேரும் என்பதை நான் முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் வரைபடம் போட்டு விளக்கியிருக்கிறேன். அந்த விதியைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அமெரிக்காவில் 2021 முதல் அது தளர்ந்துவிட்டது. தளர்ந்தபின் பணம் புகுந்து ஆட்டத்தைக் கெடுத்துவிட்டதாகப் புலம்புவோரும் உண்டு. பணம் முன்பே இருந்தது, ஆடியவனிடம் இருக்கவில்லை.

ராமசாமிக்குத் திரும்புவோம். படிப்பு முடிந்து ஊர் திரும்பியவர் சென்னை மாகாண வேளாண்மைத் துறையில் பணியில் சேர்ந்தார். இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இன்றானால் டேவிஸ் கோப்பை ஆடிய ஒருவர் வேளாண் அலுவலராக மாவட்டம் மாவட்டமாகச் சுற்றுவதை நினைத்துப் பார்க்க இயலுமா? அன்று ஆட்டத்தால் வாழ முடியாது. வாழ வேண்டிய தேவை இல்லாதவர்கள்கூட மதிப்புக்காக அரசுப் பணியை நாடினர். அரசுப் பணி என்றால் மாற்றல். மாற்றலென்றால் ஆடுகளம் இல்லாத ஊர். இருபதுகளின் பிற்பகுதியும் முப்பதுகளும், ஒரு மட்டையாளரின் கைக்கும் கண்ணுக்கும் உச்சமான அந்த ஆண்டுகள், பெரும்பாலும் பயிர் விளைச்சலைப் பார்ப்பதிலும் கோப்புகளிலும் கழிந்தன. நேரம் வாய்த்தபோது பொங்கல் ஆட்டத்துக்கு வந்து நின்றார். அவர் முதல்தர ஆட்டங்களில் காலெடுத்து வைத்தது 1915-16-இல், கடைசியாக ஆடியது 1941-42-இல். இருபத்தாறு ஆண்டுகள். அத்தனை நீண்ட காலத்தில் அவர் ஆடியவை 53 ஆட்டங்களே. ஆண்டுக்கு இரண்டு. அந்த வகுத்தல் கணக்கில்தான் அவருடைய இழப்பு இருக்கிறது.

இந்தியா 1932-இல் லார்ட்ஸ் மைதானத்தில் முதல் டெஸ்டை ஆடியபோது ராமசாமிக்கு வயது முப்பத்தாறு. 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்திலேயே ஒரு டெஸ்ட் நடந்தது. அவர் வளர்ந்த மண். அதிலும் அவர் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடந்து ஒரே நாளில் முடிந்தது. முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். அவரும் ராமசாமியைப் போல இரு ஆட்டக்காரர், கிரிக்கெட்டும் ஹாக்கியும். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி அணியா, இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியா என்ற நிலை வந்தபோது கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி தங்கம் வென்று திரும்பியது; கிரிக்கெட் அணியுடன் போன கோபாலனுக்கு அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்டிலும் இடம் தரப்படவில்லை. மாறுவது எல்லோருக்கும் பலிப்பதில்லை.

அதே கப்பலில் ராமசாமியும் சென்றார். நாற்பதை நெருங்கும் அரசு அலுவலர். அந்தப் பயணத்தின் கோளாறுகள் இந்தியக் கிரிக்கெட் வரலாற்றில் பலமுறை எழுதப்பட்டவை. அணித்தலைவர் விஜயநகரம் மகாராஜகுமாரர் பதவியைப் பெற்றது மட்டையால் அன்று, செல்வாக்கால். அந்தப் பயணத்தின் மூன்று டெஸ்டிலும் சேர்த்து அவர் எடுத்தவை 33 ஓட்டங்கள். பயணத்தின் நடுவே லாலா அமர்நாத்தை ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் ஊருக்குத் திருப்பி அனுப்பினர். அணி கட்சி கட்டிப் பிரிந்து கிடந்தது. முதல் டெஸ்டில் தோல்வி. இரண்டாவது டெஸ்ட் மான்செஸ்டரில் ஜூலை 25 அன்று தொடங்கியது. அதில்தான் ராமசாமி முதல் டெஸ்ட் ஆடினார். நாற்பது வயது நிறைந்து ஒரு மாதத்துக்குச் சற்றே மேல் ஆகியிருந்தது. இந்தியாவுக்காக அவரைவிட மூத்த வயதில் டெஸ்ட் அறிமுகம் கண்டவர் 1933-இல் பம்பாயில் ஆடிய ஜாம்ஷெட்ஜி ஒருவரே.

முதல் இன்னிங்ஸில் இந்தியா 203 ஓட்டங்களுக்குச் சுருண்டது; ராமசாமி அதில் 40. இங்கிலாந்து எட்டு விக்கெட்டுக்கு 571 குவித்துவிட்டு ஆட்டத்தை விட்டது. ஹாமண்ட் மட்டும் 167. தோல்வி உறுதி என்ற நிலையில் விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் தொடக்க விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் சேர்த்தார்கள். இருவருமே சதமடித்தனர். அந்த ஆட்டத்தின் இரண்டாம் நாளில் இரு அணிகளும் சேர்ந்து 588 ஓட்டங்கள் எடுத்தன. ஒரே நாளில் அத்தனை ஓட்டங்கள் என்பது டெஸ்ட் வரலாற்றில் இன்றுவரை முறியடிக்கப்படாதது. ஊர்ப் பெருமை பேசுவோர் மெர்ச்சண்டையும் முஷ்டாக்கையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். மறுநாள் ஆட்டம் கைநழுவிப் போகாமல் 60 ஓட்டங்கள் சேர்த்த சென்னை இடக்கையரைப் பெரும்பாலும் சொல்வதில்லை. இந்தியா ஐந்து விக்கெட்டுக்கு 390 எடுத்து ஆட்டத்தை வெற்றி தோல்வியின்றி முடித்தது.

அடுத்து ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. அத்துடன் சரி. இரண்டு டெஸ்ட், நான்கு இன்னிங்ஸ், 170 ஓட்டங்கள், சராசரி 56.66. ஒருமுறையாவது முப்பதைத் தொட்டால் போதும் என்று ஏங்கிய அணியில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஒருமுறைகூடச் சொற்ப ஓட்டத்துக்கு வீழவில்லை. இருபத்தைந்தில் ஆடியிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்பது வரலாற்றில் பயனற்றது என்பார்கள். பொருளாதாரத்தில் பயனுண்டு. ஒன்றைத் தேர்ந்ததால் கைவிட்டது எதுவோ அதுவே அதன் உண்மையான விலை என்று மாணவர்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறேன். கேம்பிரிட்ஜ் ராமசாமிக்குத் தந்த விலையும் அதுதான், கொடுத்த பரிசும் அதுதான். டேவிஸ் கோப்பை வந்தது, கிரிக்கெட்டின் நடு ஆண்டுகள் போயின.

ஆனால் அந்த விலையைக் கொடுக்கும் நிலையில் அவர் இருந்தார். அதே சென்னையில் ஏ.ஜி. ராம்சிங் இருந்தார். அமிர்தசரஸில் பிறந்தவர், சென்னைக்கு வந்து சென்னைக்காரராகவே ஆனவர். ரஞ்சிக் கோப்பையின் அந்த முதல் ஆட்டத்தில் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்த்தவர். சென்னை அணியைப் பல ஆண்டுகள் தோளில் சுமந்தவர். வெளியூரில் பிறந்தவர் என்று அவரை யாரும் அந்நியராகப் பார்த்ததாகத் தெரியவில்லை. சென்னையின் கிரிக்கெட்டை அவர் பெயரின்றி எழுத முடியாது. ஆனால் 1936 கப்பலில் அவருக்கு இடமில்லை, பிறகும் ஒரு டெஸ்ட் ஆட வாய்க்கவில்லை. பிள்ளைகள் கிருபால்சிங்கும் மில்காசிங்கும்தான் அந்தத் தொப்பியை அணிந்தார்கள். ராமசாமி தகுதியில்லாமல் போனார் என்று நான் சொல்லவில்லை, 56.66 என்ற எண் அந்தப் பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. ஊர் மாறிய இருவரில் ஒருவருக்கு ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்க்க அவகாசம் இருந்தது. மற்றவருக்கு ஒரு கதவு மூடினால் அத்துடன் முடிந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இதை நான் ஏட்டில் மட்டும் கற்கவில்லை. தொண்ணூறுகளில் நான் பணிபுரிந்த கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு மாணவன் பொருளாதாரம் இளங்கலையில் சேர்ந்தான். மீனவக் குடும்பம். கால்பந்தில் நடுக்களத்தில் நின்று இருபுறமும் பந்தைப் பகிர்ந்து ஆட்டத்தையே நடத்துவான். இரண்டாம் ஆண்டில் சென்னைக் கல்லூரி ஒன்று விடுதி, உணவு, ஒரு லீக் அணியில் இடம் எல்லாம் தருவதாக அழைத்தது. மாற்றுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தான். எங்கள் கல்லூரிக்காக ஆட வேண்டிய இறுதியாட்டம் முன்னிருந்ததால் நிர்வாகம் அதை இழுத்தடித்தது. மூன்றாண்டுக்கான கட்டணம் முழுவதையும் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். சலுகையில் சேர்ந்த பையன் எங்கே போவான்? துறைத் தலைவர் என்ற முறையில் அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. விதிப்படி முடிவெடுக்கலாம் என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டேன். விதி என்ன சொல்கிறது என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. வகுப்பில் வாங்குவோர் முற்றுரிமையை விளக்கிய அதே வாரத்தில் நான் எழுதிய வரி அது. சான்றிதழ் கிடைத்தபோது சென்னைக் கல்லூரியின் சேர்க்கை முடிந்திருந்தது. அவன் எங்கள் கல்லூரிக்கும் திரும்பவில்லை. சில ஆண்டுகள் கழித்து மீன்பிடித் துறைமுகத்தில் பார்த்தேன். வணக்கம் சொன்னான். பந்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

எனவே வெளியூர் ஆட்டக்காரரைப் பற்றி எங்கள் காபிக் குழாமில் பேச்சு எழும்போது நான் எந்தப் பக்கமும் முழுமையாகச் சேர்வதில்லை. உள்ளூர்ப் பையனுக்கு இடம் வேண்டும் என்பதை மறுக்க மாட்டேன். நம் பையன் ஒருவன் நாளை வேறோர் ஊருக்குப் போக விரும்பினால் அவனை எப்படி வழியனுப்புவோம் என்றும் உடன் கேட்பேன். வருவோரை எண்ணிக் காவல் காப்பவர்கள் போவோரைப் பற்றி ஒரு வரியும் பேசுவதில்லை. சான்றிதழைத் தடுத்து வைப்பதால் ஊருக்கு ஓர் ஆட்டக்காரர் மிஞ்சுவதில்லை. ஓய்வுபெற்ற பேராசிரியரின் பேச்சு காபி ஆறுவதற்குள் மறக்கப்படும் என்பது வேறு.

ராமசாமியின் பிற்கால வாழ்வில் பரபரப்பு குறைவு. 1952-53-இல் விஜய் ஹசாரே தலைமையில் இந்திய அணி முதன்முறையாக மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றபோது அதன் மேலாளராகப் போனார். அலைக்கழிக்கும் கடற்பயணமும் பல தீவுகளின் ஆட்டங்களும் கொண்ட அந்தப் பொறுப்பு எளியதன்று. பிறகு தம் வாழ்வை ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதினார். ஆட்டங்களுக்கு அடிமையான ஒருவனின் அலைபாயும் நினைவுகள் என்று பொருள்படும் தலைப்பு. ஒற்றை ஆட்டத்தின் பெயரைத் தலைப்பில் வைக்காமல் ஆட்டங்கள் என்று பன்மையில் வைத்தது அவருக்குப் பொருந்தும். அண்ணன்மாரைப் போல ஒரே வீட்டில், ஒரே ஆட்டத்தில், ஒரே ஊரில் நிலைத்தவர் அல்லர் அவர்.

1985-ஆம் ஆண்டு அக்டோபர் 15. எண்பத்தொன்பது வயது. சென்னையில் தம் வீட்டிலிருந்து வெளியே சென்றவர் திரும்பி வரவில்லை. குடும்பத்தார் தேடினார்கள். எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கிரிக்கெட்டின் பதிவேடுகள் துல்லியத்தில் பிடிவாதமானவை. பிறந்த நாளும் இறந்த நாளும் இல்லாமல் ஒரு டெஸ்ட் ஆட்டக்காரரின் வரி நிறைவடையாது. ராமசாமியின் வரியில் பிறப்பு இருக்கிறது, நான்கு இன்னிங்ஸ்களும் இருக்கின்றன. இறப்புக்கான இடத்தில் இறந்ததாகக் கருதப்படுகிறார் என்பதற்கு மேல் உறுதியாக எழுத எவருக்கும் இயலவில்லை.